ஆறு மணி வலி

தங்கபுஷ்பம் அக்காவின் வலது கை தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு அலறியது. அக்கா அலறவில்லை, கை மட்டும்தான். முழங்கைக்குக் கீழே நான் கட்டிவிட்டிருந்த பட்டை, நரம்பில் ஓடுவதையெல்லாம் பிடித்து என் கம்ப்யூட்டருக்கு அனுப்பிவிடும். பகல் முழுக்கச் சாதுவாகப் படுத்துக் கிடக்கும் கோடு, ஆறு அடித்ததும் விருட்டென்று எழுந்து திரையின் உச்சியை முட்டும். முக்கால் மணி நேரம் அங்கேயே நிற்கும். மூன்று வாரமாக இதே கூத்து.

"வெள்ளிக்கிழமை மருந்தை நிறுத்திடுவோம் நஸீமா," என்றார் டாக்டர் கோமதிநாயகம்.

நிறுத்துவது என்றால் ஓர் ஊசி. அதைப் போட்டால் கை பழையபடி மரத்துப்போகும், பிறகு ஒருநாளும் விழிக்காது. இது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும், எதிரே நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்த அக்காவுக்கும் தெரியும்.

"எனக்கு ஒண்ணும் பெருசா வலிக்கலியே டாக்டர்," என்றார் அக்கா. முகத்தில் சிரிப்பு வேறு.

"பட்டை பொய் சொல்லாதும்மா. இந்த அளவு வலி தினம் வந்தா நரம்பு கருகிப் போயிரும். கையோட நிக்காது, தோள் வரைக்கும் போகும். தண்ணியில ஊற வைக்காதீங்கன்னு சொன்னேன். கேட்டீங்களா?"

"ஒரு வாரமா தண்ணியே தொடலை."

"அப்பவும் வருதே!"

"எனக்கு இல்லாத வலி அதுக்கு மட்டும் எங்கேருந்து வந்துச்சோ," என்று அக்கா பட்டையைப் பார்த்தார். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் குறும்பைச் சொல்கிற மாதிரி சொன்னார்.

எனக்குப் பொய் சொல்கிறவர்களைப் பிடிக்காது. தங்கபுஷ்பம் அக்காவை ரொம்பப் பிடிக்கும். இரண்டும் ஒரே நாற்காலியில் வந்து உட்கார்ந்தால் நான் என்னதான் செய்வது?

அக்காவுக்குப் பத்தொன்பது வயதில் தொழுநோய் வந்தது. மாத்திரை சாப்பிட்டு ஒரே வருடத்தில் கிருமி ஒழிந்துவிட்டது. ஆனால் அது தின்றுபோட்ட நரம்பு திரும்பவில்லை. சூடு தெரியாத, முள் தெரியாத கை. இந்த மலையடிவாரத்துக் காலனியில் இருக்கிற நாற்பது குடும்பங்களின் கதையும் ஏறக்குறைய இதேதான். கிருமி போய் முப்பது நாற்பது வருடமாகியும் ஊர் அவர்களை இன்னும் முழுசாக உள்ளே விடவில்லை. இதையெல்லாம் நினைத்தால் எனக்குக் கோபம் வரும், கோபப்பட்டுக்கொண்டே வேலை செய்வேன்.

முதல் நாள் அக்காவுக்கும் அவர் கணவர் சவரிமுத்து அண்ணாச்சிக்கும் டாக்டர் மருந்தை விளக்கியது நன்றாக நினைவிருக்கிறது.

"மழைக்காட்டுல ஆனைவிரட்டின்னு ஒரு செடி உண்டு," என்று ஆரம்பித்தார்.

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு சிரித்தார்கள். டாக்டர் விழித்தார்.

"நாலு வருசமா அதுதான டாக்டர் எங்க பொழப்பு," என்றார் அண்ணாச்சி.

ஆமாம், அதுதான் அவர்கள் பிழைப்பு. ஆனைவிரட்டி பார்ப்பதற்கு அப்பாவிச் செடி. அகலமான பச்சை இலை, மேலே பூனைக்குட்டிக்கு இருப்பது போல மெல்லிய ரோமம். அந்த ரோமம் ஒவ்வொன்றும் கண்ணாடி ஊசி, உள்ளே விஷம். ஆழமாகக் குத்திவிட்டால் அன்றைக்கு மட்டுமல்ல, மாதக்கணக்கில், தண்ணீர் படும்போதெல்லாம் வலி திரும்பி வரும். யானையே ஒதுங்கிப் போகும் என்றுதான் அந்தப் பெயர். மருந்துக் கம்பெனி அதை ஆஸ்பத்திரிக்குப் பின்னால் பச்சை வலைக்கூடம் போட்டு வளர்க்கிறது. ரோமம் உடையாமல் இலையைக் கிள்ளி எடுக்க வேண்டும். மெஷின் வைத்துப் பார்த்தார்கள், உடைத்துவிட்டது. தடித்த கையுறையும் உடைத்தது, மெல்லிய கையுறையை ஊசி துளைத்தது. வெறுங்கையால் எடுக்க வந்தவர்கள் மறுநாள் வரவில்லை. பிறகு ஒரு புண்ணியவானுக்கு யோசனை வந்தது. காலனிச் சுவரில் கம்பெனி நோட்டீஸ் ஒட்டியது: "கைகளில் உணர்ச்சி இல்லாதவர்களுக்கு முன்னுரிமை." என் வாழ்நாளில் இப்படி ஒரு வேலைவாய்ப்பு விளம்பரத்தை நான் படித்ததில்லை.

டாக்டர் விடாமல் விளக்கினார். "நரம்புக்குள்ள குட்டிக் குட்டிக் கதவு இருக்கு. திறந்தா சேதி போகும், மூடினா நிக்கும். இந்த விஷம் கதவைத் திறந்து மூடவிடாமப் பிடிச்சுக்கும். அதான் அவ்வளவு வலி. உங்க நரம்புல கதவு துருப்பிடிச்சு மூடியே கிடக்கு. நாங்க விஷத்தோட கொக்கியை அராவி எடுத்துட்டோம். அது கதவைத் திறக்கும், ஆனா பிடிச்சுக்காது."

"அப்ப உணர்ச்சி வந்துருமா?"

"முதல்ல வலி வரும். வலி வந்தாத்தான் மத்தது வரும்."

அண்ணாச்சியின் இரண்டு கையும் சோதனையில் தேறவில்லை, நரம்பு முழுக்கச் செத்துவிட்டது. அக்காவின் வலது கையில் மட்டும் கொஞ்சம் உயிர் மிச்சமிருந்தது. கட்டைவிரலும் இரண்டு விரல்களும் உள்ள கை. "எனக்கு எதுக்கு? இவளுக்கு வந்தாப் போதும்," என்று அண்ணாச்சி ஃபாரத்தில் விரலை உருட்டிவிட்டுப் போனார். ஒரே நிபந்தனை: அக்கா வலைக்கூடத்துப் பக்கமே போகக்கூடாது. பச்சை இலையின் விஷம் மேலே பட்டால் அவரை ஆய்விலிருந்து விலக்கிவிடுவார்கள். விலக்கினாலும் அந்த ஊசிதான்.

ஏழாவது வாரம் அக்காவுக்கு உணர்ச்சி வந்தது. என் மேசையில் இருந்த டீ டம்ளரைத் தொட்டுவிட்டு, "யம்மா!" என்று கையை உதறினார். பிறகு மறுபடியும் தொட்டார், மறுபடியும் உதறினார். டீ ஆறுகிற வரைக்கும் அதே விளையாட்டுதான். நான் பாத்ரூமுக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன். அன்று சாயங்காலம்தான் முதல் ஆறு மணி வலி பதிவானது.

திங்கட்கிழமை முழுக்கவும் செவ்வாய்க்கிழமை முழுக்கவும் மூன்று வாரத்துக் கோடுகளை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டினேன். ஒன்று தென்பட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் வலி இல்லை. மூன்று ஞாயிறும் கோடு குப்புறப் படுத்துத் தூங்கியிருக்கிறது. நரம்புக்கு வார விடுமுறை ஏது? புதன்கிழமை மாலை நேராகப் பார்த்துவிடுவது என்று கிளம்பினேன்.

வலைக்கூட வாசலில் அண்ணாச்சி வேலை முடிந்து வந்துகொண்டிருந்தார். வாசலை ஒட்டி ஒரு மேசை, அதில் ஒட்டுப் பட்டைச் சுருள். கையில் ஒட்டி உரித்தால் சிக்கிய ரோமமெல்லாம் அதோடு வந்துவிடும். அண்ணாச்சி அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, குழாயில் கையை நனைத்துவிட்டு நடந்தார்.

"பட்டை ஒட்டி எடுக்கலியா அண்ணாச்சி?"

"ஞாயித்துக்கிழமை கோயிலுக்குப் போவும்போது எடுப்போம். டவுன் பஸ்ல ஏறும்போதும் எடுக்கணும், பாவம், மத்தவங்க மேல பட்டுரும்லா. வீட்டுக்குப் போறதுக்கு எதுக்கு? அங்க யாருக்கு வலிக்கப் போவுது?"

அப்போதே என் மண்டையில் உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. நாலு வருடமாகக் காலனியில் எல்லோரும் அப்படித்தான் வீட்டுக்குப் போகிறார்கள், புருசன் கை முழுக்க ஊசி, பெண்டாட்டி கை முழுக்க ஊசி, யாருக்கும் ஒன்றும் ஆனதில்லை. அது ஊர் வழக்கமாகிவிட்டது. வழக்கமான விஷயம் கண்ணில் படுவதில்லை.

வீட்டில் அக்கா பாயை விரித்து வைத்திருந்தார். இந்தக் காலனியில் எல்லா வீட்டிலும் ஆறு மணிக்கு நடக்கிற காரியம் ஒன்று உண்டு. கை கால் பார்ப்பது. வலி தெரியாதவர்கள் காயத்தைக் கண்ணால்தான் தேட வேண்டும். எனவே புருசன் பெண்டாட்டியின் கை காலைப் பார்ப்பான், அவள் அவனுடையதைப் பார்ப்பாள். ஊற வைத்து, சொரசொரப்பைத் தேய்த்து, எண்ணெய் போட்டு வைப்பார்கள். ஆஸ்பத்திரி எப்போதோ சொல்லிக்கொடுத்த பாடம், இப்போது சாப்பாடு மாதிரி ஆகிவிட்டது.

அண்ணாச்சி உட்கார்ந்தார். அக்காவின் வலது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "தண்ணி வேண்டாம்னு டாக்டர் சொல்லிட்டாவ. எண்ணெய் மட்டும்தான்," என்று என்னிடம் கணக்காகச் சொன்னார். கிண்ணத்து எண்ணெயில் தன் மடங்கிப்போன விரல்களைத் தோய்த்து, அந்தக் கையில் தேய்க்க ஆரம்பித்தார். அவர் உள்ளங்கை கோடை வயல் போல வெடிப்பு வெடிப்பாக இருந்தது.

பட்டையோடு இணைத்து நான் கையில் கொண்டுபோயிருந்த சின்னத் திரையில் கோடு விருட்டென்று ஏறியது.

நான் அக்காவின் முகத்தைப் பார்த்தேன். அக்கா அண்ணாச்சியிடம் முருங்கைக்காய் வாங்கி வந்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். குரலில் ஒரு பிசிறு இல்லை. நெற்றியில் மட்டும் பொட்டுப் பொட்டாக வேர்வை.

அண்ணாச்சி எழுந்து கொல்லைப்புறம் கை கழுவப் போனார். நான் எதையும் யோசிக்காமல் எண்ணெய்க் கிண்ணத்தில் என் ஆள்காட்டி விரலை விட்டேன்.

அதை எப்படிச் சொல்வது? தேள் கொட்டியிருக்கிறது எனக்கு, சின்ன வயதில். அந்தத் தேளைத் தேடிப் பிடித்து மன்னிப்புக் கேட்கலாம் என்று தோன்றியது. வாயைத் திறந்தேன், சத்தம் வருவதற்குள் அக்கா என் வாயைப் பொத்திவிட்டார்.

"கத்தாத பிள்ள. அவுக காதுல விழுந்துரும்."

கண்ணில் தண்ணீர் முட்ட, விரலை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டு கிசுகிசுத்தேன். "உங்களுக்கு எப்பலேர்ந்து தெரியும்?"

"மொத நாளே தெரிஞ்சிட்டு."

"அப்ப இது மருந்தோட வலி இல்ல! உங்க நரம்பு நல்லா வேலை செய்யுது. செடி குத்துனா வலிக்கணும், வலிக்குது. எனக்கு வலிக்கிற மாதிரியே வலிக்குது. அக்கா, வெள்ளிக்கிழமை ஊசியைப் போட்டுடுவாங்க. வாசல்ல இருக்கிற ஒட்டுப் பட்டையை ஒட்டி உரிச்சிட்டு வாங்கன்னு அண்ணாச்சிகிட்ட ஒரு வார்த்தை சொன்னா என்ன?"

அக்கா கொல்லைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துக்கொண்டார்.

"எனக்கு நோவு வந்தப்ப எங்கம்மை சோத்துத் தட்டைக் கம்பால தள்ளி விடுவா. அதுக்கு அப்புறம் என்னைத் தொட்ட மொத ஆளு இவுகதான். கலியாணமாகி ஆறாம் வருசம், அடுப்புலேருந்து பால் சட்டிய எடுத்து என் கையில குடுத்தாவ. அவுகளுக்கும் சுடலை, எனக்கும் சுடலை. ரெண்டு பேரும் பேசிக்கிட்டே நிக்கோம். வாடை வந்த பொறவுதான் தெரிஞ்சுது." இல்லாத இரண்டு விரல்களின் இடத்தைக் காட்டினார். "அதுக்கு அப்புறம் ஒரு வருசம் அவுக என் கையத் தொடலை பிள்ள. கெஞ்சிப் பாத்தேன், அழுது பாத்தேன். சோறு பொங்கிப் போடுவாவ, தலைக்கு எண்ணெய் தேய்க்க மாட்டாவ. இப்ப மூணு வாரமா தெனம் என்னைச் சுட்டுக்கிட்டு இருக்கோம்னு தெரிஞ்சா? பட்டை ஒட்டி உரிச்சிட்டு வருவாவன்னா நெனைக்க? கையவே வெட்டிப் போட்டுட்டு வருவாவ."

"டாக்டர்கிட்டயாவது..."

"இலை பட்டுச்சுன்னா என்னை விலக்கிருவாவ. உனக்குத் தெரியாதா?"

தெரியும். அந்த விதியை டைப் அடித்தவளே நான்தான்.

"முப்பத்திமூணு வருசமா இவுக கை எப்படி இருக்கும்னே எனக்குத் தெரியாது," என்றார் அக்கா. "இப்ப தெரியுது. நெருப்பா இருக்கு, இருந்துட்டுப் போவட்டும். வெள்ளிக்கிழமை வரைக்குமாவது தெரியட்டும்."

அண்ணாச்சி துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தார். "என்ன பிள்ள, கண்ணு கலங்கியிருக்கு?" என்று கேட்டார். வெங்காயம் என்றேன். அந்த வீட்டில் அப்போது வெங்காயமே உரிக்கவில்லை. அவரும் மேற்கொண்டு கேட்கவில்லை.

பஸ்ஸில் திரும்பும்போது விரலை ஊதிக்கொண்டே யோசித்தேன். டாக்டரிடம் உண்மையைச் சொன்னால் கை போகும். அண்ணாச்சியிடம் சொன்னால் அந்தக் கையைப் பிடிக்கிற கை போகும். யாரிடமும் சொல்லாமல் இருந்தாலும் கை போகும். ஒழுங்காக வேலை பார்க்கிற ஒருத்திக்கு இப்படி மூன்று வழியும் அடைபட்டால் நாலாவதாக ஒரு குறுக்குவழிதான் இருக்கும். எனக்கு அது கூச்சமாக இருந்தது. ஆனாலும் நான் தூங்குவதற்குள் முடிவு செய்துவிட்டேன்.

வியாழக்கிழமை காலை வலைக்கூட மேஸ்திரி பேச்சிமுத்துவைப் பிடித்தேன். "டவுன் பஸ்ல யாருக்கோ அரிச்சுதாம், புகார் வந்திருக்கு. இன்னைலேர்ந்து எல்லாரும், தினமும், மூணு தடவை ஒட்டி உரிச்சிட்டுத்தான் வெளிய போகணும். வெடிப்புக்குள்ள படியுற மாதிரி அழுத்தி ஒட்டணும்." புகாரே வரவில்லை. ஆனால் அரித்தது உண்மை, என் விரலைக் காட்டியிருந்தால் போதும்.

"பதினெட்டுப் பேருக்கும் மூணு தடவையா? சுருள் ஒரு வாரத்துல காலியாயிரும்லா. யார் பஸ் ஏறுதாவ? எல்லாம் இந்தா இருக்கு வீடு."

"விதி அண்ணே. போர்டு எழுதி மாட்டிருங்க."

விதி என்று சொல்லிவிட்டால் நம் ஊரில் அதற்கு மேல் கேள்வி கிடையாது. மாட்டிவிட்டார். அன்று மாலை ஐந்தரைக்கு நானே வாசலில் போய் நின்றேன். பதினெட்டுப் பேரும் முணுமுணுத்துக்கொண்டே உரித்தார்கள். அண்ணாச்சி நாலு தடவை உரித்தார். அவர் எதையும் அரைகுறையாகச் செய்கிற ஆளில்லை.

ஆறு மணிக்கு என் மேசையில் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். ஆறு அடித்தது. கோடு லேசாகச் சிலிர்த்தது, ஒரு சிறு மேடு, அவ்வளவுதான். ஆறேகால். ஆறரை. அது அப்படியே சின்னச் சின்ன அலையாகப் போய்க்கொண்டிருந்தது. நான் இப்படி ஓர் அலையை அந்தக் கையில் அதுவரை பார்த்ததில்லை.

வெள்ளிக்கிழமை காலை டாக்டர் ஊசியை ட்ரேயில் எடுத்து வைத்திருந்தார். நான் முந்தின நாள் கோட்டை அவர் முன்னால் வைத்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"நான் சொன்னேன்ல, தண்ணிதான் காரணம்னு! நிறுத்தின உடனே போகாது, தேங்கியிருந்தது வடியணும்ல? ஒரு வாரம் ஆகும்னு எனக்குத் தெரியும்." அவருக்கு நேற்று வரை தெரியாது. "ஒரு நாளை வச்சு முடிவு பண்ண முடியாது. இன்னும் ரெண்டு வாரம் பார்ப்போம். ஊசியை ஃப்ரிட்ஜ்ல வச்சிரு. அது என்ன விரல்ல, இப்படிச் சிவந்திருக்கு?"

"ஆப்பச்சட்டி சார்."

காரணம் எழுதுகிற கட்டத்தில் "தெரியவில்லை" என்று எழுதினேன். பத்து வருட வேலையில் நான் எழுதிய முதல் பொய் அது. இன்றைக்கும் அந்தக் கட்டம் என்னை உறுத்துகிறது. உறுத்தட்டும், அதற்காக அழிக்கப் போவதில்லை.

டாக்டர் போன பிறகு அக்காவின் பட்டையைச் சரிசெய்ய உட்கார்ந்தேன். எனக்கு உள்ளூர ஒரு பயம். ஒருவேளை அந்த நெருப்பு மட்டும்தான் அவருக்குத் தெரிந்ததோ? அது போனதும், மெல்லிய தொடுதல் எட்டுகிற அளவுக்கு நரம்பு இன்னும் வளரவில்லையோ? வலியை எடுக்கிறேன் பேர்வழி என்று அண்ணாச்சியின் கையையே எடுத்துவிட்டேனோ?

"நேத்து ஏதாவது தெரிஞ்சுதா அக்கா?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"தெரிஞ்சுது."

"எப்படி இருந்துச்சு?"

அக்கா தன் மூன்று விரல்களைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நடுங்குது பிள்ள. அவுக கை நடுங்குது."

"வயசாகுதுல்லா..."

"இல்ல. டம்ளர் பிடிக்கையில நடுங்கலை, கதவு சாத்துகையில நடுங்கலை, காலையில ஒண்ணொண்ணா தொட்டுத் தொட்டுப் பாத்தேன். என் கையத் தொடும்போது மட்டுந்தான். கண்ணுக்குத் தெரியாத நடுக்கம். நெருப்பு இருந்த வரைக்கும் எனக்கும் தெரியலை." அக்காவின் குரல் முதல் தடவையாகப் பிசிறியது. "பால் சட்டிக்குப் பொறவு, ஒரு வருசம் கழிச்சு அவுகளா வந்து தொட்டாவ. பயம் போயிட்டுன்னு நெனச்சேன். போவலை. இத்தனை வருசமும் தெனம் ஆறு மணிக்குப் பயந்து பயந்துதான் தொட்டிருக்காவ."

"நீங்க என்ன செஞ்சீங்க?" என்றேன்.

"பிடிச்சுக்கிட்டேன். இந்த மூணு விரலையும் போட்டு இறுக்கிப் பிடிச்சுக்கிட்டேன். ஆனா நான் பிடிச்சிருக்கது அவுகளுக்கு எப்படித் தெரியும்? அவுக பாட்டுக்குப் பேசிக்கிட்டே எண்ணெய எடுக்கக் கைய இழுத்தாவ. வரலை. துணியில எதுவும் மாட்டிக்கிட்டோன்னு கீழ பாத்தாவ."

அக்கா தன் மூன்று விரல்களையும் மடக்கிக் காட்டினார்.

"பாத்தாவ பிள்ள. பாத்துக்கிட்டே இருந்தாவ. அதுக்குப் பொறவு கைய இழுக்கலை. கொஞ்ச நேரத்துல நடுக்கம் நின்னுட்டு."